ஒரு ஆளு குறையுதுங்க

மலைப்பாதையில் பாறை சரிந்து, பதினைந்து இருபது நாள் சேலத்துப் பஸ் எதுவும் மேலே வராமல், அரிசி பருப்பெல்லாம் குப்பனூர் வழியாக ஜீப்பில் வந்ததே, அந்த மழைக்காலத்தை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் காலம் சட்டென்று பிடிபடும். ஏற்காட்டில் அப்போது பாலுக்குத் தட்டுப்பாடு. கடுங்காப்பிதான். காப்பிக்கு என்ன குறைச்சல், சுற்றிலும் தோட்டம். சர்க்கரைக்குத்தான் திண்டாட்டம். பேரிக்காய் மட்டும் கீழே போக வழியில்லாமல் கூடை கூடையாக அழுகிக் கிடந்தது, ஊரே புளித்த வாடை. அந்த வாடைக்கு நடுவில்தான் கண்டக்டர் முதல் தடவையாகக் கல்லறைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவருக்குப் பேர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. சேலம் ஏற்காடு பஸ்ஸில் வேலை பார்த்து, அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டார், தோல் பையையும் விசிலையும் கழற்றவில்லை. ஊரில் எல்லோரும் கண்டக்டர் என்றோம், அவரும் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் அங்கே புல் வெட்டுகிறவன். கேட்டுக்கும் காவல். பழைய வெள்ளைக்காரர் கல்லறை அது. மேல் தட்டில் காப்பித் தோட்டத்துத் துரைமார், அவர்கள் சம்சாரங்கள், குழந்தைகள். நடுத் தட்டில் பிரெஞ்சுச் சாமியார்கள், கோவாக்காரச் சமையல்காரர் ஒருவர், சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்திய வீட்டு ஆட்கள். கீழ்த் தட்டில் நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள், மேஸ்திரி, ஆயா, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். மதிலோரம் துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்ட சாயபு ஒருவர். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு எழுத்து தெரியாது. கல்லைச் சுற்றிப் புல் வளர்ந்தால் வெட்டுவேன், பாசி படிந்தால் தேய்ப்பேன். உள்ளே இருப்பது யார் யார் என்று தனித்தனியாக யோசித்ததே இல்லை.

பஸ் நின்றுபோனதால் மேலே மாட்டிக்கொண்ட சுற்றுலா ஆட்கள் ஏரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தார்கள். கண்டக்டருக்கோ பஸ் இல்லாமல் கை பரபரத்தது. லாட்ஜ் வாசலில் சும்மா நின்ற பன்னிரண்டு பேரைத் திரட்டி, வரிசையாக நிற்கவைத்து, என் கேட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க வாட்ச்மேன், தொறங்க. உள்ள பதிமூணு பேருங்க, என்னையும் சேத்து."

திறந்தேன். உள்ளே வந்தவர் முதல் கல் முன்னால் கையை உயர்த்தி, விசிலை நீளமாக ஒரு ஊது ஊதினார்.

"ஓல்டேன்."

பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். நானும் அரிவாளோடு நின்றுவிட்டேன். நம் ஊரில் பஸ் ஏறிய எவனுக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் கால் நின்றுவிடும். அவர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கல்லில் படுக்கப்போட்டுத் தேய்த்தார். பள்ளத்தில் இருந்த எழுத்தெல்லாம் எழுந்து வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். பேர், ஊர், வயது. அப்புறம் கல்லைப் பார்த்து, "வணக்கமுங்க, பன்னெண்டு பேரு பாக்க வந்திருக்கறாங்க" என்றார். திரும்பி ஆட்களை எண்ணினார். எண்ணி முடித்து இரண்டு ஊது.

"போலாம் ரைட். முன்னாடி போங்க, முன்னாடி காலியாத்தான் இருக்குது."

ஒரு ஊது நிற்க, இரண்டு ஊது போக. கல்லறை முழுக்க அப்படித்தான். ஒரு கல்லைக்கூட விடமாட்டார். ஸ்டாப்பிங் என்பார். பெரிய பளிங்குச் சிலை வைத்த துரைக்கும் ஒரு ஸ்டாப்பிங், நாலு நாள் மட்டும் இருந்து போன குழந்தைக்கும் ஒரு ஸ்டாப்பிங். கூட வந்தவர்களில் யாராவது பெரிய சிலையை நோக்கி முந்தினால் போதும், "இது எக்ஸ்பிரஸ் இல்லீங்க, எல்லா எடத்துலயும் நிக்கும்" என்பார்.

கேலி செய்யாதவர்கள் உண்டா. தொப்பி போட்ட ஒருவர், "கண்டக்டரே, கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் குடுங்க" என்றார்.

"குடுக்கலாமுங்க. ஆனா அங்கிருந்து ரிட்டன் கெடையாது. பரவால்லீங்களா?"

தொப்பிக்காரர் அதற்கப்புறம் முந்தவே இல்லை.

பாதை சரியாகி பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்களைக் கொண்டுவந்தார். ஆறு வருஷம். ஒருவரிடமும் ஒன்றும் வாங்கமாட்டார், முடிந்ததும் ஒரு டீ. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குகைக்குள் குனிந்து போகிற கூட்டத்தை வாசலில் நின்று எண்ணி அனுப்புவார். உள்ளே போன கணக்கும் வெளியே வந்த கணக்கும் ஒத்துப்போகிறவரை பூசாரியையே வெளியே வரவிடவில்லை என்று ஒரு வருஷம் சண்டை. கடைசியில் பூசாரியை எண்ணாமல் விட்டது இவர் தப்புதான். அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இந்த எண்ணுகிற கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதாம். மலை ஏறும்போது ஒரு வளைவில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வண்டி நின்றிருக்கிறது. ஒரு பெரியவர் ஊற்றில் முகம் கழுவ இறங்கியிருக்கிறார். இவர் பார்க்கவில்லை. இரண்டு விசில் கொடுத்துவிட்டார். நாலு வளைவு தாண்டித் தூங்கி எழுந்த பெரியவரின் சம்சாரம், "எங்கூட்டுக்காரரு எங்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, மழையில் கீழே ஓடியிருக்கிறார். பெரியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தாராம்.

"திட்டுவாருன்னு பாத்தேனுங்க. திட்டலை. 'நீ வருவேன்னு தெரியும் சாமி, அதுதான் நடந்துட்டே இருந்தேன்'னாரு. திட்டியிருந்தா மறந்துருப்பேனுங்க."

அன்றிலிருந்து எண்ணாமல் ரைட் சொன்னதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்த எங்கள் கூலி ஆட்கள் யாருக்கும் அந்தக் காலத்தில் எழுத்து தெரியாது. கல்லில் இருப்பதை யார் யாரோ படித்துக் காதில் விழுந்ததில், அத்தனை கல்லிலும் மெமரி, மெமரி என்று ஒரே பேர். ஆகவே அங்கே இருப்பதெல்லாம் மெமரி துரையின் குடும்பம் என்று தீர்மானித்திருந்தோம். கண்டக்டரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, இந்த மெமரி தொரைக்கு மொத்தம் எத்தனை சம்சாரமுங்க? பிரெஞ்சுச் சாமியாருகூட அவங்க வகையறாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நொம்பப் பெரிய குடும்பமுங்க" என்றார்.

ஒரு வருஷம் கழித்து, கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார், மெமரி என்றால் ஞாபகம் என்று அர்த்தம் என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கண்டக்டர் அந்த வாத்தியாரைப் பார்த்து, "எதுக்குங்க சிரிக்கறீங்க? அவரு சொன்னதுல என்ன தப்பு?" என்றார். அன்று வாத்தியாருக்கு டீ வாங்கித் தரவில்லை.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

கீழ்த் தட்டு மதிலுக்கு வெளியே சரிவு. அங்கே புதருக்குள் வரிசையாகக் கருங்கல் குவியல்கள், முழங்கால் உயரம். கல்லில் எழுத்து இல்லை, சிலுவை இல்லை. முதல் நாளே கண்டக்டர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து எண்ணிவிட்டார்.

"பதினொண்ணுங்க. இது யாருங்க?"

"தெரியாதுங்க" என்றேன்.

தெரியும். நான் பிறப்பதற்கு முன்னால் எஸ்டேட் லைனில் விஷக்காய்ச்சல். மழை பத்து நாள் விடவில்லை, கீழே சுடுகாட்டுக்குப் போக வழியில்லை. லைன் ஆட்கள் இருட்டோடு இருட்டாக, துரைமார் கல்லறை மதிலுக்கு வெளியே புதைத்துவிட்டார்கள். பதினொரு பேர். அதில் கடைசி என் அக்காள், ஏழு வயசு. நான் பார்க்காத அக்காள். பொங்கல் கழிந்த மறுநாள் அம்மா என்னைக் கூட்டிப்போய்க் குவியலுக்கு ஒரு வெல்லக்கட்டி வைப்பாள். "சடையண்ணா எடுத்துக்க, வெள்ளச்சியக்கா எடுத்துக்க" என்று பேர் சொல்லிச் சொல்லி வைப்பாள். திரும்பி வரும்போது என் காதைப் பிடித்துச் சொல்வாள்: "யாருகிட்டயும் மூச்சு வுடாத. லைன் ஆளுக இங்க கெடக்கறாங்கன்னு தெரிஞ்சா தோண்டி எறிஞ்சுருவாங்க." அம்மா போன பிறகும் எனக்கு அந்த வாக்குதான். எனக்குக் காவல் வேலை கொடுத்ததும் அந்தக் கல்லறையை நடத்துகிறவர்கள்தான். வாயைத் திறந்தால் வேலையும் போகும், அக்காளும் போவாள் என்று நம்பினேன்.

கண்டக்டர் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கடைசியாக அந்த மதிலோரம் வந்து ஒரு விசில் ஊதுவார். "இங்க பதினொரு ஆளு இருக்கறாங்க. பேரு தெரியலீங்க" என்பார். என்னைப் பார்ப்பார். நான் அரிவாளைத் தீட்டுவேன். அந்த ஒரு ஸ்டாப்பிங்கில் மட்டும் ரைட் சொல்லமாட்டார். ஆட்களைச் சத்தமில்லாமல் கையசைத்துக் கூட்டிப்போவார்.

ஆறாவது வருஷம் சரிவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் பெரிய லாட்ஜ் கட்டினார். வண்டி போக ரோடு வேண்டும். நேராக வெட்டினால் குவியல் மேலேதான் வரும். ஒரு ஞாயிறு காலை, நாங்கள் நடுத் தட்டில் கோவாச் சமையல்காரர் ஸ்டாப்பிங்கில் நிற்கும்போது, கீழே புல்டோசர் உறுமுகிற சத்தம் கேட்டது.

அன்று சேலத்திலிருந்து கல்லூரிப் பெண்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். கண்டக்டர் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தோல் பை இடுப்பில் அடித்து அடித்துச் சாக்பீஸ் சிதறியது. பின்னால் நான், எனக்குப் பின்னால் முப்பது பெண்கள். மதிலைத் தாண்டும்போது புல்டோசரின் தகடு முதல் குவியலுக்கு நாலு முழத்தில் இருந்தது. கத்தினால் கேட்காது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்து ஒரே ஊது. நீளமாக.

புல்டோசர் நின்றது.

அது எப்படி நின்றது என்று ஓட்டியவருக்கே தெரியவில்லை. குப்பனூர்க்காரர். அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். விசில் கேட்டதும் கால் தானாக மிதித்திருக்கிறது.

லாட்ஜ் மானேஜர் குடையோடு ஓடிவந்தார். "யோவ், எதுக்கு நிறுத்துன? எடு."

"டபுள் விசில் வரலீங்களே" என்றார் டிரைவர்.

"இது என்ன பஸ்ஸாய்யா?"

டிரைவர் யோசித்தார். "இல்லீங்கதான். ஆனா கண்டக்டரு நிக்கச் சொன்னப்பறம் எப்படிங்க எடுக்கறது? ஆளு எறங்கறாங்களோ என்னமோ."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கியது. "பதினொரு ஆளு இருக்கறாங்க" என்றார்.

"வெறும் கல்லு. காடு திருத்தும்போது பொறுக்கிப் போட்ட கல்லு" என்றார் மானேஜர். "ஆளுன்னா பேர் இருக்கும்ல. ஒரு பேர் சொல்லுங்க, வண்டியத் திருப்பறேன்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. ஆறு வருஷம் கேட்டவர், அன்று கேட்கவில்லை. விசிலை மட்டும் உதட்டோரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா காதைப் பிடித்தது எனக்கு வலித்தது. நிஜமாகவே வலித்தது. கை காதுக்குப் போயிற்று. அரிவாளைக் கீழே போட்டேன். முதல் குவியலிடம் போய் நின்றேன். பேர் தனியாக வரவில்லை, அம்மா சொன்ன மாதிரிதான் வந்தது.

"சடையண்ணா எடுத்துக்க. வெள்ளச்சியக்கா எடுத்துக்க. குப்பாயி எடுத்துக்க. மாரா எடுத்துக்க."

கண்டக்டர் ஒவ்வொரு பேருக்கும் ஒரு பெண்ணைக் கையைக் காட்டி அந்தக் குவியல் பக்கத்தில் நிறுத்தினார். "அம்மிணி நீ இங்க நில்லு. நீ அக்கட்ட போ சாமி. முன்னாடி போங்க." டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். செங்கோடன், நல்லாயி, பொன்னான், தீர்த்தன், காவேரி, அர்த்தனாரி. சொல்லி முடித்தேன். மானேஜர் குடையை மடக்கினார்.

கண்டக்டர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"பத்துதானுங்க வந்துச்சு" என்றார். "ஒரு ஆளு குறையுதுங்க."

கடைசிக் குவியல் சின்னது. அங்கே வந்தால் அம்மா பேர் சொன்னதில்லை. வெல்லக்கட்டியை வைத்துவிட்டுக் குனிந்துகொண்டே, "கண்ணு, எடுத்துக்க கண்ணு" என்பாள். அவ்வளவுதான். எந்தப் பிள்ளையையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"கண்ணுங்க" என்றேன். "எங்கக்காளுங்க."

"கண்ணுங்கறது கூப்புடற பேருங்க. வெச்ச பேரு?"

"தெரியாதுங்க."

கண்டக்டர் கிட்டத்தில் வந்தார். "நெசமாத் தெரியாதுங்களா, இல்ல முந்தி மாதிரித் தெரியாதுங்களா?"

அப்போதுதான் தெரிந்தது, நான் மறைத்தது ஆறு வருஷமும் அவருக்குத் தெரியும் என்று. நான் அழுதேன். நாற்பது வயதுக்கு மேலே, முப்பது பெண்பிள்ளைகள் முன்னால் அழுதேன். "நெசமாத் தெரியாதுங்க. அம்மா சொல்லவேயில்லீங்க."

"சரிங்க" என்றார். "இப்போதைக்குக் கண்ணு. பதினொண்ணு."

மானேஜர் முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றார். டிரைவர் கேட்காமலேயே சொல்லிவிட்டார். "பேரு சொல்லிக் கேட்டுட்டேனுங்க. இதுக்கு மேல நானு ஓட்டமாட்டேன், எங்கூட்லயும் புள்ளைங்க இருக்குது." வண்டியைப் பின்னால் எடுக்க இன்ஜினைப் போட்டார். உடனே கண்டக்டருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. பின்னால் போய் நின்று, புல்டோசரின் பக்கத்தைத் தட்டித் தட்டி, "வா வா வா, ரைட்ல ஒடி, ஒடி, இன்னும் வரலாம், ஓல்டேன்" என்று அதைச் சரிவுக்கு மேலே பின்னாலேயே கொண்டுபோய் விட்டார். பெண்கள் கை தட்டினார்கள். அத்தனை பெரிய இரும்பு, ஒற்றை விசிலுக்கு நாய்க்குட்டி மாதிரி போனதைப் பார்க்க வேண்டுமே. நானும் கண்ணீரோடு சிரித்தேன்.

லாட்ஜுக்கு ரோடு வந்தது. குவியலைச் சுற்றி வளைந்து போகிறது. சேலத்திலிருந்து ஏறினால் மொத்தம் இருபது வளைவு என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்களே, கண்டக்டர் கடைசிவரை இருபத்தொன்று என்றுதான் சொன்னார். என் வேலையும் போகவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை வருஷம் எதற்குப் பயந்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அடுத்த வாரம் கண்டக்டர் ஒரு பட்டைக்கல் கொண்டுவந்து வரிசையின் தலைமாட்டில் நட்டு, தாரில் பேர் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். முதல் வரி, மெமரி வகையறா. கீழே பதினொரு பேர். எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கடைசியில் இருப்பது எது என்று தெரியும். இருப்பதிலேயே குட்டையானது.

அதற்கப்புறமும் அவர் அந்த ஸ்டாப்பிங்கில் ரைட் சொல்லவில்லை. ஒரு விசிலோடு நிறுத்திக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "கண்ணுன்னு கூப்புட்டா ஊர்ல இருக்கற அத்தனை புள்ளையும் திரும்பிப் பாக்குமுங்க. அந்தப் புள்ளை எப்படி வந்து ஏறும்?" என்பார். செம்மநத்தம் வரைக்கும் நடந்து போய்ப் பழைய லைன் ஆட்களை விசாரித்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்களே தவிர ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அப்புறம் அவரும் போய்ச் சேர்ந்தார். குப்பனூரில் எரித்தார்கள். அவர் மகன் விசிலை என்னிடம் கொடுத்தார். வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தால் நான்தான் காட்டுகிறேன், எழுத்து தெரியாவிட்டால் என்ன, ஒவ்வொரு கல்லும் காதில் இருக்கிறது. கடைசி இடத்தில் நானும் ஒரு விசில்தான்.

இதைக் கேட்கிற நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். காய்ச்சல் வருஷத்தில் அந்த லைனில் இருந்தவர்கள் பிழைக்கக் கீழே இறங்கி எங்கெங்கோ போனார்கள். அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சேலத்தில் இருக்கலாம், உங்கள் தெருவிலேயே இருக்கலாம். யாரைப் பார்த்தாலும் சொல்லிவையுங்கள். ஏழு வயசுப் பெண்பிள்ளை, பத்துப் பேருக்குப் பின்னால் பதினோராவதாகப் போனவள், அவளுக்கு வைத்த பேர் என்ன என்று அவர்கள் வீட்டில் யாராவது பேசிக் கேட்டதுண்டா என்று. தெரிந்தவர்கள் எனக்குக் கடுதாசி போட வேண்டாம், எனக்குப் படிக்கத் தெரியாது. நேரில் வந்து சத்தமாகச் சொல்லட்டும். விசில் கையிலேயே இருக்கிறது.